மறைந்துபோகும் வேலை: திரையில் முதுமையைச் செய்த கைகள்

ஆய்வேட்டின் ஓர் இயலுக்காகத் திரட்டிய குறிப்புகளுள் அந்த இயலின் வரம்புக்குள் அடங்காதவை சில உண்டு. அவற்றை ஓரளவு கோவையாக இங்கே எழுதிவைக்கிறேன். திரைப்பட வரலாறு பயிலும் மாணவ நண்பர்களுக்குப் பயன்படக்கூடும். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

1973ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘தி எக்சார்சிஸ்ட்’ படத்தில் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித்தின் கைகள் இரண்டு முகங்களைச் செய்தன. முதலாவது, பேய் பிடித்த சிறுமி ரீகனின் முகம். வெடிப்பும் புண்ணுமாக இருக்கும் அந்த முகம் அரை நூற்றாண்டு கடந்தும் திகில் படங்களின் அடையாளமாக நிலைத்துவிட்டது. இரண்டாவது, பேயோட்ட வரும் முதிய பாதிரியார் மெரினின் முகம். அந்த வேடத்தை ஏற்ற மாக்ஸ் வான் சிடோவுக்குப் படம் வெளியானபோது வயது 44. திரையில் தெரிபவரோ எழுபதைக் கடந்தவர், இதய நோயாளி, கை நடுங்க மாத்திரையை எடுப்பவர். நெற்றி, கண்ணடி, கழுத்து என முகத்தின் பெரும்பகுதி செய்யப்பட்டது. ஆனால் படம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதை ஒப்பனை என்றே எண்ணவில்லை. ஒரு முதிய நடிகரைக் கண்டதாகவே எண்ணிச் சென்றார்கள்.

ஒரே படம், ஒரே கலைஞர். ஒரு முகம் புகழ்பெற்றது; மற்றொன்று காணாமற்போனது. கைத்திறனை அளவுகோலாகக் கொண்டால் காணாமற்போனதே கடினமான வேலை. பேயின் முகம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எப்படிச் செய்தாலும் அது பேய்முகந்தான். முதியவரின் முகத்தையோ ஒவ்வொரு பார்வையாளரும் தம் வீட்டிலேயே நாள்தோறும் கண்டு பழகியிருக்கிறார். நூலிழை பிசகினாலும் பிடிபட்டுவிடும்.

முதுமை ஒப்பனை வெற்றி பெறும் கணத்தில் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. அதன் வரலாற்றை எழுதுவதில் உள்ள இடர்கள் யாவும் இங்கிருந்தே கிளைக்கின்றன. செய்தவரின் பெயர் விடுபடுகிறது. செய்த பொருள் மட்கிப்போகிறது. பாராட்டு முழுவதும் நடிகரின் கணக்கில் வரவாகிறது. இந்திய நிலையில் இவற்றோடு வேறு சில கணக்குகளும் சேர்கின்றன.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘அரிதாரம்’ என்ற தமிழ்ச் சொல் அடிப்படையில் ஒரு கனிமத்தின் பெயர். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறத் தாது அது. கூத்திலும் நாடகத்திலும் முகத்திற்குப் பூசப்பட்டதால் பிற்காலத்தில் ஒப்பனைக்கே ஆகுபெயர் ஆயிற்று. பூசுதல், தீட்டுதல் என மேற்பரப்பில் நிறம் ஏற்றுவதையே நெடுங்காலம் ஒப்பனை என்றோம் என்பதற்குச் சொல்லே சாட்சி. மேடையில் முதுமை என்பது கரிக்கோடும் நரைமயிரும் கூன் முதுகுமே. பார்ப்பவர் தொலைவில் இருந்ததால் அவ்வளவே போதுமானதாக இருந்தது.

திரைப்படம் அந்தத் தொலைவை ஒழித்தது. எனினும் கறுப்பு வெள்ளைக் காலம் ஒரு சலுகை தந்தது. அந்தப் படச்சுருளுக்கு நிறம் தெரியாது. ஒளியும் நிழலும் மட்டுமே தெரியும். கன்னக்குழியில் தீட்டிய பழுப்பு நிறம் நிழலாகவே பதிந்தது. எலும்பு மேட்டில் தடவிய வெளிர்நிறம் மேடாகவே பதிந்தது. ஆனால் நிழலால் பள்ளத்தைக் காட்ட முடியுமே தவிர, தொங்கும் தசையைக் காட்ட முடியாது. நடிகர் தலையைத் திருப்பினாலும் விளக்கின் இடம் மாறினாலும் தீட்டிய நிழல் அசையாமல் நின்று காட்டிக்கொடுத்துவிடும். வண்ணப் படம் வந்தபோது அந்தச் சலுகையும் போயிற்று.

ஆகவே முகத்தின்மேல் முகத்தை எழுப்ப வேண்டியதாயிற்று. 1932இல் வெளிவந்த ‘தி மம்மி’ படத்திற்காக ஜாக் பியர்ஸ் என்பவர் போரிஸ் கார்லாஃபின் முகத்தில் பஞ்சையும் கொலோடியன் என்னும் ஒட்டுத் திரவத்தையும் அடுக்கடுக்காக ஏற்றினார். அதற்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் பிடித்தது. காய்ந்தபின் அந்த முகத்தால் சிரிக்க முடியாது. பிணத்திற்கு அது பொருந்தும். பேச வேண்டிய கிழவருக்குப் பொருந்தாது. இதற்கு விடையாக வந்தது நுரை ரப்பர். 1939இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்திற்காக எம்.ஜி.எம். நிறுவனத்தின் ஜாக் டான் அதை விரிவாகப் பயன்படுத்தியபின் அது அமெரிக்கப் படக்கூடங்களில் வேரூன்றியது.

இதன் செய்முறையை மாணவர்கள் ஒருமுறை தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. எழுதப்படும் கட்டுரைகளில் ‘புரோஸ்தெடிக்’ என்ற சொல் மந்திரம்போல் வந்துபோகிறதே ஒழிய, அதன் பின்னுள்ள உழைப்பு விளங்குவதில்லை. முதலில் நடிகரின் முகத்தில், பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் என்னும் கூழைப் பூசி, மூக்குத் துளைகளை மட்டும் விட்டு மூடி, குழியச்சு எடுப்பார்கள். அதில் பிளாஸ்டர் மாவை ஊற்றினால் நடிகரின் முகம் அப்படியே சிலையாகக் கிடைக்கும். அந்தச் சிலையின்மேல் களிமண்ணால் முதுமையைச் செதுக்க வேண்டும். கலை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கன்னம் எங்கே சரியும், கண்ணடிப் பை எவ்வளவு தொங்கும், காது மடல் எவ்வளவு நீளும், கழுத்து நரம்பு எப்படித் துருத்தும் என்பதையெல்லாம் அந்தக் குறிப்பிட்ட முகத்தின் எலும்பைக் கொண்டே ஊகிக்க வேண்டும். செதுக்கி முடித்ததும் அதற்கு மறு அச்சு எடுத்து, களிமண்ணை நீக்கி, இரண்டு அச்சுகளுக்கும் இடையே எஞ்சும் வெற்றிடத்தில் நுரைத்த ரப்பர் பாலை நிரப்பி அடுப்பில் வேகவைப்பார்கள். வெளிவரும் மெல்லிய துண்டின் ஓரம் தாளினும் மெலிதாக இருக்க வேண்டும். அந்த ஓரம் தோலோடு கரைவதைப் பொறுத்தே எல்லாம். பிறகு ஒட்டுதல், நிறமேற்றல், மயிர் பதித்தல். சாதாரண முகச்சாந்தை ரப்பர் உறிஞ்சிவிடும் என்பதால் ஆமணக்கெண்ணெய் கலந்த தனிச் சாந்து அதற்கெனத் தயாரிக்கப்பட்டது.

ரப்பரைப் பற்றி ஒரு துணைச் செய்தி. இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி விளைவது கேரளத்தில். அந்தப் பாலை நுரைத்து முகம் செய்யும் வித்தை மட்டும் நமக்கு நெடுங்காலம் விமானத்தில் வந்து இறங்க வேண்டியிருந்தது.

பெயர் விடுபடுதலுக்கு வருகிறேன். 1941இல் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களுக்குக் கணக்கில்லை. அதன் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரை இயக்குநரின் பெயரோடு ஒரே அட்டையில் இட்டது புகழ்பெற்ற செய்தி. படமாக்கப்பட்டபோது 25 வயதே ஆகியிருந்த ஆர்சன் வெல்ஸ், எழுபது கடந்த கேனாகவும் அதில் தோன்றுகிறார். மொட்டை விழுந்த நெற்றி, தடித்த கழுத்து, மங்கிய கண்கள். கண்களுக்காக அக்காலத்துக் கெட்டிக் கண்ணாடி வில்லைகளைக்கூட அணிந்தார். இவ்வளவையும் செய்தவர் மாரிஸ் சைடர்மன். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒப்பனைக் கலைஞர் சங்கத்தில் அவர் உறுப்பினராக இல்லாததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒளிப்பதிவாளருக்குக் கிடைத்த அந்த அட்டையையும் சைடர்மனுக்குக் கிடைக்காத வரியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், திரைக்கலையில் எது ‘கலை’ என்றும் எது ‘வேலை’ என்றும் கருதப்பட்டது என்பது புலப்படும்.

அமெரிக்காவின் ஆஸ்கர் விருதில் ஒப்பனைக்கென நிலையான பிரிவு 1981ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முன் இரண்டே இரண்டு முறை சிறப்பு விருது தரப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று குரங்கு முகங்களுக்கு.

டிக் ஸ்மித்துக்குத் திரும்புவோம். 1970இல் வெளிவந்த ‘லிட்டில் பிக் மேன்’ படத்தில், முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த டஸ்டின் ஹாஃப்மனை அவர் 121 வயதுக் கிழவராக்கினார். அதுவரை முதுமை முகமூடியைப் பெரும்பாலும் ஒரே துண்டாக வார்த்தார்கள். முகம் சிரித்தால் மூடி ஒட்டுமொத்தமாக நகரும். ஸ்மித் அதைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒன்றன் ஓரம் மற்றொன்றின்மேல் படியுமாறு ஒட்டினார். கன்னத்தசை கன்னத்தோடும் உதடு உதட்டோடும் அசைந்தன. கண்ணிமைக்கும் தனித் துண்டு செய்தார். அந்தக் கிழவர் கண் சிமிட்டுகிறார். ஒட்டி முடிக்க ஐந்து மணி நேரம். குரலுக்காக ஹாஃப்மன் அறைக்குள் கத்திக் கத்தித் தொண்டையைக் கம்மச் செய்துகொண்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. படத்தில் அந்த 121 வயது முகம் தோன்றுவதோ சில நிமிடங்களே.

இங்கு ஸ்மித் கண்டுகொண்டதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: முதுமை என்பது சுருக்கங்களின் தொகை அன்று, அது தசை அசையும் விதம். 1972இல் ‘தி காட்ஃபாதர்’ படத்திற்காக 47 வயது மார்லன் பிராண்டோவுக்கு அவர் ரப்பர் முகமூடி எதையும் போடவில்லை. தோலை இழுத்துப் பிடித்து, ரப்பர் பாலைப் புள்ளிபுள்ளியாக ஒற்றி, காய்ந்தபின் விட்டுவிட்டார். தோல் சுருங்கும்போது அதனோடு சேர்ந்து நுண்ணிய சுருக்கங்கள் விழுந்தன. வாய்க்குள் கீழ்த்தாடையில் ஒரு பல்கருவி வைத்துக் கன்னத்தைத் தொங்கவிட்டார். இவ்வளவுதான். ‘அமெடியஸ்’ (1984) படத்தில் நாற்பதுகளில் இருந்த முர்ரே ஆப்ரகாமை முதிய சாலியேரி ஆக்கியதற்காக, பால் லெப்ளாங்குடன் சேர்ந்து ஸ்மித்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆப்ரகாமுக்கும் அதே படத்திற்காகச் சிறந்த நடிகர் விருது. செய்த முகத்தையும் அதை இயக்கிய முகத்தையும் ஒருசேரப் போற்றிய அரிய தருணம் அது.

ஸ்மித்தின் மற்றொரு பண்பு வரலாற்று நோக்கில் இதைவிட முக்கியமானது. ஒப்பனைத் தொழில் ரகசியத்தால் வாழ்ந்த தொழில். கலவை விகிதத்தைத் தந்தை மகனுக்குச் சொல்வார், பிறருக்குச் சொல்லமாட்டார். ஸ்மித் தம் செய்முறைகளைக் கேட்டவர்க்கெல்லாம் எழுதியனுப்பினார். அப்படிக் கடிதம் எழுதிய சிறுவர்களுள் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற ரிக் பேக்கர். இன்னொருவர் ஜப்பானின் கியோட்டோவில் பள்ளி மாணவராக இருந்த கசுஹிரோ சுஜி. இவர் கேரி ஓல்டுமனை வின்ஸ்டன் சர்ச்சில் ஆக்கிய ‘டார்க்கஸ்ட் அவர்’ (2017) படத்திற்காக, மேலும் இருவரோடு ஆஸ்கர் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் பொருளும் மாறிவிட்டது. நுரை ரப்பர் ஒளி ஊடுருவாதது. எவ்வளவு நிறம் தீட்டினாலும் சற்றே உயிரற்றுத் தெரியும். சிலிகானோ தோலைப்போல ஒளியைச் சிறிது உள்வாங்கித் திருப்பித் தருகிறது. நிறத்தை அதற்குள்ளேயே கலந்துவிடலாம்.

மட்கிப்போதல் என்று மேலே குறிப்பிட்டேன். நுரை ரப்பர் துண்டை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். கழற்றும்போது மெல்லிய ஓரம் கிழிந்துவிடும். ஒவ்வொரு படப்பிடிப்பு நாளுக்கும் புதிய முகம், மாலையில் குப்பைக்கூடை. தப்பித் தவறி எஞ்சியவையும் சில பத்தாண்டுகளில் காற்றுப் பட்டு இறுகி உதிர்ந்துவிடும். ஓவியருக்கு ஓவியம் மிஞ்சுகிறது. ஆடை வடிவமைப்பாளருக்கு ஆடை மிஞ்சுகிறது. முதுமை செய்தவருக்கு மிஞ்சுவது வேறொருவரின் முகத்தைக் காட்டும் படம்.

இனி இந்தியா. இங்கே முதுமை நெடுங்காலம் ஓர் உடன்படிக்கையாகவே இருந்தது. நரைமயிரும் சால்வையும் இருமலும் கண்டால் முதியவர் என்று கொள்ள வேண்டும் என்பதில் திரைக்கும் அரங்கிற்கும் இடையே சச்சரவில்லை. ‘திருவருட்செல்வர்’ (1967) படத்தில் நாற்பதை எட்டாத சிவாஜி கணேசன் தள்ளாத அப்பராக வரும்போது, அந்த முதுமையைச் சுமப்பது முதுகும் கழுத்தும் குரலும். இதைக் குறைபாடாகக் கருதுவது தவறு. நாடக மரபு வளர்த்த பார்வையாளர் தோலைப் பார்க்கவில்லை, நடிப்பைப் படித்தார்.

முகத்தில் முப்பரிமாணமாக எழுப்பும் வித்தை இந்திய மண்ணுக்குப் புதிதுமன்று. கதகளியில் அரிசிமாவும் சுண்ணாம்பும் கலந்த பசையாலும் தாளாலும் முகத்தோரத்தில் எழுப்பப்படும் சுட்டி, மணிக்கணக்கில் நடக்கும் வேலை. அதைச் செய்பவர் தனிப் பயிற்சி பெற்றவர். கேரள கலாமண்டலத்தில் அது தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. ஆனால் சுட்டி மறைவதற்காகச் செய்யப்படுவதில்லை. செய்தவரின் கை தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். திரையின் முதுமைக்கு நேர் எதிரான இலக்கணம் அது.

உடன்படிக்கைக்கு வெளியே நின்றவரும் உண்டு. ‘பதேர் பாஞ்சாலி’ (1955) படத்தின் இந்திர் அத்தைக்காகச் சத்யஜித் ராய் யாருக்கும் கிழவி வேடம் போடவில்லை. எண்பதை எட்டியிருந்த முன்னாள் நாடக நடிகை சுனிபாலா தேவியைத் தேடிக் கண்டுபிடித்தார். படம் வெளியாகுமுன் அவர் காலமாகிவிட்டார். இரண்டே ஆண்டுகள் கழித்து ‘மதர் இந்தியா’ வந்தது. அதில் தாயாக நடித்த நர்கிஸ் பிறந்தது 1929 ஜூன் 1; மகனாக நடித்த சுனில் தத் பிறந்தது அதே மாதம் 6ஆம் நாள். ஐந்து நாள் மூத்த தாய்! நரைத்த தலையும் மண் பூசிய முகமும் கொண்டு அந்த முதுமையை நாடே ஏற்றுக்கொண்டது.

முதுமை வேடத்தின் பாலினக் கணக்கு இங்கேதான் எழுதப்படத் தொடங்குகிறது. 1984இல் வெளிவந்த ‘சாராம்ஷ்’ படத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியராக அனுபம் கேர் நடித்தபோது அவருக்கு வயது 28. ரப்பர் கிடையாது, வழுக்கை, மீசை, நடை, அவ்வளவே. அந்த வேடம் அவருக்குப் பல்வகைப் பாத்திரங்களின் வாயிலைத் திறந்தது. அதே படத்தில் அவருடைய மனைவியாக நடித்தவர் ரோஹிணி ஹட்டங்காடி. ‘காந்தி’ (1982) படத்தில் கஸ்தூர்பாவாக இளமை முதல் முதுமை வரை வாழ்ந்து காட்டியவர். அவருக்கு அந்தச் சாதனை எந்த வாயிலைத் திறந்தது? 1990இல் வெளிவந்த ‘அக்னிபத்’ படத்தில் அவர் அமிதாப் பச்சனுக்குத் தாய். பச்சன் அவரைவிட மூத்தவர். ஆணுக்கு முதுமை வேடம் வென்று திரும்பும் பயணம். பெண்ணுக்கு அது திரும்பும் வழி அடைபட்ட பயணம். விதிவிலக்குகள் இருக்கலாம், போக்கு இதுதான் என்று துணிந்து சொல்வேன்.

‘காந்தி’ படத்தைக் குறிப்பிட்டதால் ஒரு சொல். பென் கிங்ஸ்லியை 23 வயது வழக்கறிஞரிலிருந்து 78 வயது மகாத்மா வரை கொண்டுசென்றவர் டாம் ஸ்மித். படம் எட்டு ஆஸ்கர்களை அள்ளியது. ஒப்பனை பரிந்துரைப் பட்டியலோடு நின்றது. அவ்வாண்டு அவ்விருதைப் பெற்றது ஆதிமனிதர்களைப் பற்றிய ‘குவெஸ்ட் ஃபார் ஃபயர்’. தெரியும் ஒப்பனை, தெரியாத ஒப்பனையை மீண்டும் வென்றது.

1996இல் வெளிவந்த ‘இந்தியன்’ அந்தப் பழைய உடன்படிக்கையை முறித்த படம் என்பது என் கருத்து. 41 வயது கமல் ஹாசன் எழுபது கடந்த சேனாபதியாகத் தோன்றினார். முகத்தைச் செய்தவர் ஹாலிவுட்டின் புகழ்பெற்ற ஒப்பனைக் குடும்பத்தைச் சேர்ந்த மைக்கேல் வெஸ்ட்மோர். அதன்பின் இந்தியப் பார்வையாளருக்கு முதுமை குறியீடாக இருந்தால் மட்டும் போதவில்லை. சான்றாக இருக்க வேண்டியதாயிற்று. கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நடிகர் எத்தனை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார், என்ன சாப்பிட முடியாமல் தவித்தார் என்பவை படத்தின் விளம்பரமாயின. மறைந்துபோக வேண்டிய வேலை இங்கே விளம்பரத் தட்டியில் ஏறியது. ஏறியதும் அது நடிகரின் தியாகமாக உருமாறியது. அதே படத்தில் சுகன்யாவும் முதியவராகத் தோன்றுகிறார். அவர் உட்கார்ந்த மணி நேரங்களை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

அந்தப் படத்திற்கு மூன்று தேசிய விருதுகள்: நடிப்பு, கலை இயக்கம், சிறப்புக் காட்சிகள். ஒப்பனைக்கு இல்லை, ஏனெனில் அப்படி ஒரு பிரிவே அன்று இல்லை. 2006ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில்தான் அது முதன்முதலாக இடம்பெற்றது. 2009ஆம் ஆண்டின் ‘பா’ படத்திற்காக அந்த விருதைப் பெற்றவர்கள் வெளிநாட்டுக் கலைஞர்களான கிறிஸ்டியன் டின்ஸ்லியும் டாமினி டில்லும். முதுமை விரைந்து தாக்கும் புரோஜீரியா நோய்க்கு ஆளான 12 வயதுச் சிறுவனாக 67 வயது அமிதாப் பச்சன் நடித்த படம் அது. நடிகருக்கும் அதே ஆண்டு தேசிய விருது.

வெளியிலிருந்து வந்த வார்ப்புகளில் ஒரு நுண்ணிய சிக்கல் இருந்ததாக எனக்குப் படுகிறது. ஆழ்ந்த சுருக்கங்களையே முதுமையின் முதல் அடையாளமாகக் கொள்வது வெளிர்நிறத் தோலைக் கண்டு பழகிய மரபு. நிறமி மிகுந்த தோலில் சுருக்கம் தாமதமாகவே விழுகிறது. அதற்கு முன்பே நிறத் திட்டுகளும் கண்ணடிக் கருமையும் கன்னத்தின் வற்றலும் வயதைச் சொல்லிவிடுகின்றன. தோல் மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி இது. நம் ஊர்ப் பெரியவர்கள் பலரின் நெற்றி வழவழப்பாகவே இருக்கும். வயதைச் சொல்வது கழுத்தும் கண்ணும் கையும். ஆகவே வெயிலில் உழைத்த ஓர் இந்தியக் கிழவருக்குக் களிமண்ணில் செதுக்கிய சுருக்கங்களை மட்டும் மிகுத்துவிட்டால், கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்த முகம் எங்கோ வெளியூர்க்காரராகவே நிற்கும். படங்களின் பெயரைச் சொல்லவில்லை. நினைவிலிருந்து நீங்களே பட்டியல் இடலாம்.

இதற்கு மாற்றாக நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்பும் படம் பி. டி. குஞ்ஞுமுகம்மது இயக்கிய ‘பரதேசி’ (2007). பிரிவினைக்கு முன் பிழைப்புக்காகக் கராச்சி சென்று, பாகிஸ்தான் கடவுச்சீட்டோடு மலபாருக்குத் திரும்பி, சொந்த ஊரிலேயே அயலாராக வேட்டையாடப்படும் வலியகத்து மூசாவின் கதை. இளமை முதல் எண்பது வரை மோகன்லாலின் முகத்தைக் கொண்டுசென்றவர் பட்டணம் ரஷீத். அவ்வாண்டின் ஒப்பனைக்கான தேசிய விருது அவருக்கே. இந்தப் படத்தில் முதுமை கண்கட்டு வித்தையாக வரவில்லை. கதையின் வழக்கே அதில்தான் இருக்கிறது. நீ எந்த நாட்டவன் என்ற ஒரே கேள்வியை அரசு அவரிடம் பத்தாண்டு பத்தாண்டாகக் கேட்கிறது. கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் முகம் மேலும் தளர்ந்திருக்கிறது. கேள்வி மட்டும் கிழடாவதில்லை. இந்த மண்ணில் கழிந்த ஆண்டுகளுக்கு அவரிடம் உள்ள ஒரே ஆவணம் அந்த முகந்தான். அதை எந்த அலுவலகமும் ஏற்பதில்லை.

யார் முதுமையைச் செய்யலாம் என்பதற்கும் இங்கே ஒரு சட்ட வரலாறு உண்டு. மும்பைத் திரையுலகில் பெண்கள் சிகை அலங்காரம் மட்டுமே செய்யலாம், ஒப்பனை ஆண்களுக்குரியது என்று சங்க விதி பல பத்தாண்டுகள் நிலவியது. அயல்நாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பிய சாரு குரானாவும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். அந்த விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று 2014 நவம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது. 2014ஆம் ஆண்டுக்கான ஒப்பனைத் தேசிய விருது, அடுத்த சில மாதங்களில், ‘நானக் ஷா ஃபகீர்’ படத்திற்காகப் பிரீத்திஷீல் சிங், குளோவர் வூட்டன் என்னும் இரு பெண்களுக்குக் கிடைத்தது. 102 வயதுத் தந்தையாகவும் 75 வயது மகனாகவும் பச்சனும் ரிஷி கபூரும் தோன்றிய ‘102 நாட் அவுட்’ (2018) பிரீத்திஷீலின் கைவேலை. 1941இல் சைடர்மனின் பெயரை வெளியே நிறுத்தியதும் சங்க விதிதான். மும்பையில் பெண்களை வெளியே நிறுத்தியதும் சங்க விதிதான். தொழிலாளரைக் காக்க எழுந்த அமைப்புகள் யாரைத் தொழிலாளராகக் கணக்கிட்டன என்பது தனியாக ஆராயத்தக்கது.

முதியவராக நடிக்க யாருக்கு உரிமை என்பதே எஞ்சும் கேள்வி. உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தில் அறுபது வயதுக்குப்பின் துப்பாக்கி சுடக் கற்றுப் பதக்கங்கள் குவித்த சந்திரோ தோமர், பிரகாஷி தோமர் ஆகியோரின் கதையாக ‘சாண்ட் கீ ஆங்க்’ 2019இல் வந்தது. நடித்த பூமி பெட்னேகர், தாப்சி பன்னு இருவரும் முப்பதை ஒட்டியவர்கள். எங்கள் வயதுப் பாத்திரங்களையாவது எங்களிடம் கொடுங்களேன் என்ற பொருளில் நீனா குப்தா வெளிப்படையாகவே எழுதினார். நடிகர் எந்த வயதையும் ஏற்கலாம் என்பது கலையின் உரிமை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உரிமை ஒரு திசையில் மட்டுமே பாய்கிறது. முப்பது வயதுப் பெண்ணை அறுபதாக்க ரப்பருக்கும் சிலிகானுக்கும் பணம் ஒதுக்கப்படுகிறது. அறுபது வயதுப் பெண்ணுக்குப் படத்தின் மையப் பாத்திரம் ஒதுக்கப்படுவது அரிது. 1989ஆம் ஆண்டின் ‘டிரைவிங் மிஸ் டெய்சி’ படத்தில் எண்பது வயது ஜெசிக்கா டாண்டியே மையம். அவருக்கும் ஆஸ்கர், ஒப்பனைக்கும் ஆஸ்கர். அந்த ஒப்பனைக் குழுவில் இருந்த கெவின் ஹேனி, பின்னர் ‘சீதக்காதி’ (2018) படத்திற்காக நாற்பதை ஒட்டிய விஜய் சேதுபதியை முதிய நாடக நடிகர் ஆக்கினார். அதே கைகள், இரு வேறு முடிவுகள். எந்த முகத்தைத் தருவது என்று தீர்மானிப்பவர் ஒப்பனைக் கலைஞர் அல்லர்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சென்னை, ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா, திருவனந்தபுரம் படக்கூடங்களில் பணியாற்றிய ஒப்பனைக் கலைஞர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உங்கள் மாணவர்களாக, அண்டை வீட்டாராக இருக்கலாம். காட்சித் தொடர்ச்சிக்காக எடுத்த நிழற்படங்கள், கலவை விகிதம் குறித்த நோட்டுப் புத்தகங்கள், கூலிச் சீட்டுகள், பரணில் கிடக்கும் பிளாஸ்டர் முகவார்ப்புகள் ஆகியவை எஞ்சியிருந்தால், வீடு மாறும்போது எறிந்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வார்ப்பின் பின்புறத்தில் நடிகரின் பெயரும் தேதியும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கலாம். துடைக்கும்போது ஈரத்துணி வேண்டாம். கைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பினாலும் போதும். நானோ, உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் திரைப்படத் துறையில் யாரேனுமோ நேரில் வந்து பார்க்க ஆயத்தமாக இருக்கிறோம்.